கருத்துக் கேட்கிற அன்ரி

யாராவது ஏசினால் அன்ரிக்குக் கோபம் வராது. கருத்துக் கேட்பார்: அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று.

நான் அதை முதன்முதலில் பார்த்தது ரொறன்ரோவில், பாதர்ஸ்ற் வீதியில் வடக்கே போகிற பஸ்சில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதத்து ஞாயிறு காலை. நானும் அன்ரியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேலையிடத்து இளசுகள் எல்லாருக்கும் அவர் அன்ரிதான். பின்சீற்றில் இருந்த ஒருவன், இரவு குடித்த வெறி இன்னும் முறியாதவன், எங்களைப் பார்த்து "பாக்கி!" என்று கத்தினான். எங்கள் நிறத்தில் யாரைக் கண்டாலும் அந்த நாட்களில் சிலர் எறிகிற சொல் அது. பாகிஸ்தான் என்ற நாட்டின் பெயரைச் சுருக்கி வசவாக்கி வைத்திருந்தார்கள். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். யன்னல் முழுக்கப் பனி படிந்திருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி எழும்பினார். கையில் இரண்டு பைகள். ஆடி ஆடிப் பின்னால் போய், அவனுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து, பைகளை மடியில் ஒழுங்காக வைத்தார்.

"எக்ஸ்கியூஸ் மீ மிஸ்ரர். விளங்கேல்லை. பிளீஸ் எக்ஸ்பிளெயின்."

அவன் அந்தச் சொல்லைத் திரும்பவும் சொன்னான். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"யெஸ், யெஸ். கேட்டது. மீனிங் என்ன?"

"உனக்குத் தெரியும்."

"நோ. ஐ டோன்ற் நோ. யூ நோ. யூ ரெல்."

உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம் என்றான் அவன். எந்த நாட்டுக்கு என்று அன்ரி கேட்டார். பாகிஸ்தான் என்றான். இல்லை என்று தலையாட்டினார். இந்தியா என்றான். அதுவும் இல்லை. அன்ரி சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவனுக்கு மூன்றாவது நாடு வாயில் வரவில்லை. அடுத்த தரிப்பிலேயே இறங்கிப் போய்விட்டான்.

"பாவம்," என்றார் அன்ரி, திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தபடி. "என்னெண்டு தெரியாமல் ஒரு சொல்லைக் காவிக்கொண்டு திரியுது."

அன்ரி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் கனடாவுக்கு வந்து பொறுக்கியதுதான். ஆனால் அவருடைய கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. கொடுத்தவரே அதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் போதாது, சொல்லுச் சொல்லாகக் கருத்தும் சொல்ல வேண்டும். வங்கியில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அன்ரி அசையமாட்டார். ஒருநாள் அவருடைய அடுக்குமாடியைப் பராமரிக்கிறவர் கதவைத் தட்டி ஓர் அறிவித்தலை நீட்டினாராம். சமையல் மணத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அன்ரி அவரை உள்ளே கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, முழுவதையும் வாசிக்க வைத்தார். "சகிக்க முடியாத மணம்" என்ற இடத்தில் நிறுத்தினார். சகிக்க முடியாது என்றால் என்ன கருத்து? கூடாத மணமா, கூடின மணமா? மனிதர் மூக்கை உறிஞ்சி யோசித்து, கூடின மணம்தான் என்று ஒப்புக்கொண்டார். போகும்போது அவர் கையில் ஒரு தட்டுப் பொரித்த மீன் இருந்தது. அறிவித்தல் அன்ரியின் மேசையிலேயே கிடந்தது.

நானோ வேறு மாதிரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். அம்மா கைநாட்டு. இதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. கருத்துத் தெரியாத சொல்லைக் கேட்டால் தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, பிறகு நூலகத்தில் போய்ப் பார்ப்பேன். தெரியாது என்று வாய் திறந்து சொல்வது எனக்குப் பெரிய வெட்கம். அன்ரிக்கு அந்த வெட்கம் துளியும் இல்லை. அதனால் அவரோடு பஸ்சில் போகவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்த காலம் அது.

நாங்கள் வேலை செய்தது ஒரு யூதக் குடும்பத்தின் பேகல் கடையில். பேகல் உழுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ரொட்டி. முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு போறணை என்கிற பெரிய அடுப்பில் வாட்டுவார்கள். யூதரின் ஓய்வு நாளுக்காக வெள்ளி பின்னேரம் பூட்டினால் சனி பொழுதுபட்ட பிறகுதான் கடை திறக்கும். ஆகவே ஞாயிறு காலையில் நகரத்தின் வடக்குப் பாதி முழுவதும் வாசலில் வந்து நிற்பது போல இருக்கும். முன்னால் விற்பவர்கள் வேறு ஆட்கள். பின்னால் மா குழைப்பது, வளையம் போடுவது, அவிப்பது, பொதி பண்ணுவது எல்லாம் எங்கள் ஆட்கள். நான் ஞாயிறுகளில் மட்டும். அன்ரி வாரம் ஐந்து நாளும் பொதி பண்ணும் மேசையில்.

மா குழைக்கிற மெசினில் நின்றவர் மாஸ்டர். ஊரில் கணித ஆசிரியர்; அதனால் அந்தப் பெயர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் கதைக்கமாட்டார். குளிர் நாளுக்கு எவ்வளவு தண்ணீர், புழுக்க நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவர் மனக்கணக்காகச் சொன்னால் மா ஒருநாளும் பிழைக்காது. அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பதற்கு, மாஸ்டருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கடை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் ஓர் அங்குலமும் நகராது. மாஸ்டர் மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் மனேச்சர் "அடுத்த கிழமை" என்றான்.

மனேச்சருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அவன் யூதன் இல்லை. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். வாய் மட்டும் ஓயாது. அந்த வாயில் ஓயாமல் வந்த சொல் "ஷ்மக்". சாமான் கொண்டுவரும் லொறிக்காரன் பிந்தினால் ஷ்மக். ஐஸ் ஹொக்கியில் கோல் விட்டவன் ஷ்மக். தன் கையைப் போறணையில் சுட்டுக்கொண்டால் தானே ஒரு ஷ்மக். எல்லாரையும் விட அதிகமாக மாஸ்டர்தான் ஷ்மக், ஏனென்றால் மாஸ்டர் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை.

அன்ரி வந்த முதல் கிழமையே மனேச்சரிடம் கருத்துக் கேட்டுவிட்டார். "ஒன்றும் இல்லை, கொஞ்சம் மோட்டுத்தனமான, புத்தி குறைந்த ஆள் என்று அர்த்தம். பகிடிக்குச் சொல்வது," என்றான் அவன். அன்ரிக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

"வாய்க்குள்ள வடிவா நிக்குது பிள்ளை. எங்கட 'விசரன்' மாதிரி, ஆனால் நோகாது."

அன்றிலிருந்து அவர் அதை எடுத்து ஆளத் தொடங்கினார். பை ஒட்டுகிற மெசின் இறுகினால் ஷ்மக். வராத பஸ் ஷ்மக். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் கார் நிறுத்துமிடத்தில் ஓர் அங்கிள் தன் வானைக் குறுக்கே விட்டுவிட்டுப் போனபோது, அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தியபடி அன்ரி சத்தமாக "ஷ்மக்!" என்றார். "கோயிலில ஏசாதேங்கோ அக்கா," என்று யாரோ சொன்னதற்கு, "நான் எங்க ஏசினனான்? இங்கிலிசில கதைச்சனான்," என்று பதில் வந்தது. அன்ரி அதைப் பிழையாகப் பாவித்ததே இல்லை. எந்த இடத்தில் கனடாக்காரர் சொல்வார்களோ சரியாக அந்த இடத்தில் சொன்னார்.

பிறகு ஒரு புரட்டாசி ஞாயிறு. கடை முதலாளியின் தகப்பன், எண்பதைத் தாண்டிய பெரியவர், கிழமைக்கு ஒரு தடவை பின்பக்கம் வந்து ஒரு சூடான பேகலை விரலால் அமத்திப் பார்ப்பார். சிறு வயதில் போலந்திலிருந்து கப்பலில் வந்தவர். அன்று அவர் பேகலைக் கையில் எடுத்த நேரம் பை ஒட்டுகிற மெசின் இறுகியது. அன்ரி அதன் தலையில் ஓர் அடி போட்டு, "மூவ், யூ ஷ்மக்!" என்றார்.

பெரியவரின் கையிலிருந்து பேகல் விழுந்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அம்மணி," என்றார். "அந்தச் சொல்லை நீங்கள் சொல்லக் கூடாது."

"வை?" என்றார் அன்ரி. பை, மெசின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "மீனிங் என்ன?"

பெரியவர் கூரையைப் பார்த்தார். போறணையைப் பார்த்தார். தன் தாயின் வீட்டில் அதைச் சொன்னால் வாய்க்குள் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்கள் என்றார். அன்ரி விடவில்லை, சவர்க்காரம் சரி, கருத்து என்ன? ஒரு பெண்ணிடம் அதைச் சொல்ல முடியாது என்றார் பெரியவர். கருத்துக் கேட்டு அன்ரி தோற்றதை நான் கண்டது அன்று ஒருநாள்தான். மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக ஓடாத குறையாக வெளியேறினார்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "படிச்சனி தானே? போய்ப் பாத்துக்கொண்டு வா."

பல்கலைக்கழக நூலகத்தில் தலையணை மாதிரி அகராதிகள் இருந்தன. ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து தேடினேன். யாரோ என்னை நம்பி ஒரு சொல்லைத் தேட அனுப்பியிருக்கிறார்கள் என்ற நினைப்பில் முதுகு நிமிர்ந்தே இருந்தது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டில் பேசிய மொழி யிட்டிஷ். அந்த மொழியில் ஷ்மக் என்பது ஆணின் உறுப்பு. அதுவும் சாதாரணமாகச் சொல்கிற சொல் அல்ல. பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் வாயே திறக்க முடியாத வசவு. அந்த மக்கள் கப்பல் ஏறி வட அமெரிக்காவுக்கு வந்தபோது சொல்லும் வந்தது. தகப்பன்மார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைப் பிள்ளைகள் கேட்டார்கள். தெருவில், வேலைத்தலத்தில் ஆங்கிலத்தோடு கலந்து சொன்னார்கள். யிட்டிஷ் தெரியாதவர்களுக்குச் சத்தமும் அதிலிருந்த எரிச்சலும் மட்டும்தான் போய்ச் சேர்ந்தன. உறுப்பு உதிர்ந்துபோய், மோடன், ஏமாளி, உதவாக்கரை என்ற பொருள் மிஞ்சியது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு தாய் தன் மகனைப் பார்த்துச் செல்லமாகச் சொல்லும் அளவுக்கு அது வெளுத்துவிட்டது. அந்த மொழியில் பிறந்தவர்களுக்கு மட்டும் வெளுக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். மதியச் சாப்பாட்டு மேசையில் அன்ரியோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். யிட்டிஷ், கப்பல், அகராதி எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் சொன்னேன். முக்கியமான இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சொல்லு பிள்ளை."

"அது வந்து... ஆம்பிளையளின்ர..."

"ஆம்பிளையளின்ர என்ன? சேட்டோ?"

"இல்லை அன்ரி."

"சப்பாத்தோ?"

மற்றப் பெண்கள் சோற்றுப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது. அன்ரிக்கும் விளங்கித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கேட்டவர் கேட்டவர்தான். சொன்னவர் சொல்லி முடிக்க வேண்டும். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, நல்ல தமிழில், உரக்கச் சொன்னேன்.

"அவ்வளவும்தானோ?" என்றார் அன்ரி. "நான் நாலு பெடியளைக் குளிக்க வார்த்து வளர்த்தனான். உதுக்கோ கிழவன் தொப்பியையும் தூக்கிக்கொண்டு ஓடினது?"

மேசையே அதிர்ந்தது. அன்ரியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப உவன் மாஸ்டரை எல்லாருக்கும் முன்னால உதைச் சொல்லியோ கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்?"

மனேச்சர் அந்தக் கருத்தில் சொல்லவில்லை, அவனுக்கு மோடன் என்பது மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன். அன்ரி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"சரி, பழசை விடு. மோடன் எண்டே வைப்பம். மாஸ்டர் மோடனோ?"

கிழமை முடிவதற்குள் அன்ரி தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். மெசினுக்கும் பஸ்சுக்கும் ஷ்மக் சொல்லலாம். மனிதருக்குச் சொல்லக் கூடாது. பெரியவர் நிற்கும்போது ஒன்றுக்கும் சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை.

ஐப்பசியில் ஆயுதபூசை வந்தது. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் வேலைக்கு வரும்போது சின்னப் பேணியில் கொஞ்சம் சந்தனம் கொண்டுவந்தார். ஊரில் சோக்குக்கட்டியையும் வட்டம் கீறுகிற கவராயத்தையும் வைத்துக் கும்பிட்டவருக்கு இப்போது இருந்த ஆயுதம் மா குழைக்கிற மெசின்தான். அதன் மோட்டர் மூடியில், மாவுக்கு எட்டாத வெளிப்பக்கத்தில், ஒரு சந்தனப் பொட்டு வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. அழகாக இருந்தது என்றுதான் நினைத்தோம்.

ஆனால் அது யூத சமய விதிப்படி நடக்கிற கடை. அங்கே உணவு எப்படிச் செய்யப்படுகிறது, எதில் எது படுகிறது என்பதையெல்லாம் பார்க்க ராபி என்கிற யூத மதகுரு ஒருவர் வருவார். அவர் சரி என்று சொல்லாவிட்டால் கடையின் பேகலை அந்த ஆட்கள் வாங்கமாட்டார்கள். அன்று பத்து மணிக்கு அவர் வந்து, மெசினுக்கு முன்னால் நின்று, "இது என்ன?" என்றார்.

மாஸ்டர் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். சந்தனம். சோறு போடுகிற கருவிக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்வது எங்கள் வழக்கம். ராபி தாடியைத் தடவினார். மூடியைச் சுற்றிப் பார்த்தார், மாத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வீட்டில் செய்யுங்கள், இங்கே வேண்டாம் என்றார். மூடியைக் கழற்றிக் கழுவச் சொன்னார். மாவில் பழுதில்லை என்றார். அவர் குரல் உயரவே இல்லை.

மனேச்சருடைய குரல்தான் உயர்ந்தது. பயந்துபோயிருந்தான். ராபி வாசலைத் தாண்டியதும், முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி, "யூ ஷ்மக்! யூ ஸ்ருப்பிட் ஷ்மக்!" என்று கத்தினான். மாஸ்டர் மூடியைக் கழுவினார். வேலை முடிகிற நேரம் மனேச்சர் அவரை அறைக்குக் கூப்பிட்டான். மூன்றாவது எச்சரிக்கை. முதலாவது பனி கொட்டிய நாளில் பிந்தியதற்கு, இரண்டாவது கொழும்பில் குண்டு வெடித்த அன்று வேலை நேரத்தில் தொலைபேசி எடுத்ததற்கு. மூன்றுக்குக் கையொப்பம் வைத்தால் வேலை போய்விடும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் வெள்ளவத்தை அறையில் அந்த மூன்று பேரும் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்களோ.

"வைச்சிட்டுப் போறன் அக்கா," என்றார் மாஸ்டர், கையைத் துடைத்தபடி. "வேற இடம் தேடுவம்."

"வாசிக்காமலோ?" என்றார் அன்ரி. "பொறுங்கோ, நானும் வாறன். பிள்ளை, நீயும் வா."

அறை சின்னது. மனேச்சர் ஒரு படிவத்தை மேசையில் வைத்தான். "அன்ரி, இது உங்கள் விஷயம் இல்லை," என்றான். அவனும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவான். அன்ரி அதற்குள் கதிரையில் இருந்துவிட்டார்.

"பிளீஸ் ரீட்."

அவன் வாசித்தான். மெசினில் அந்நியப் பொருளைப் பூசினார் என்று இருந்தது.

"ஓம், அது நடந்தது," என்றார் அன்ரி. அதன் பிறகு அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "மாஸ்டர் செய்தது பிழைதான். அதை எழுதினது சரி. பிறகு என்ன நடந்தது? நீங்கள் ஒரு சொல் சொன்னனீங்கள். அதையும் எழுதுங்கோ. நடந்ததை முழுக்க எழுதினால்தான் அவர் கையெழுத்து வைப்பார்."

நூலகத்துக் கருத்தை எடுத்து அவன் முகத்தில் எறியப்போகிறார் என்று நினைத்தேன். அதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஷ்மக் என்றேன். அதனால் என்ன? எல்லாருக்கும்தான் சொல்கிறேன். என் தம்பிக்கும் சொல்கிறேன்," என்றான் மனேச்சர். ஒரு வேகத்தில் பேனையை எடுத்து, அந்தச் சொல்லைக் கட்டத்துக்குள் எழுதியும் விட்டான்.

"நல்லது. இப்ப கருத்து."

"சொன்னேனே. மோட்டு ஆள்."

"அப்ப பக்கத்தில அதையும் எழுதுங்கோ. இந்த மாஸ்டர் ஒரு மோட்டு ஆள் எண்டு. கீழ உங்கட பேரைப் போடுங்கோ."

மனேச்சர் பேனையை வைத்தபடி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்கோ. ஒரு வருசமா மா ஒருநாளும் பிழைக்கேல்லை. ஆர் கணக்குப் பாத்தது? எழுதுங்கோ, மோட்டு ஆள் எண்டு. கோடையில மெசின் பழுதாப் போக, முந்நூறு டசினைக் கையால குழைச்சது ஆர்? அதுக்கும் பக்கத்தில எழுதுங்கோ. எழுதிக் கையெழுத்து வையுங்கோ. பிறகு நாங்கள் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சிருப்பம், கனடாவில மோடன் எண்டால் இப்பிடித்தான் இருப்பான் எண்டு ஆக்களுக்குக் காட்ட."

பழைய கருத்தை அவர் தொடவே இல்லை. அவன் சொன்ன கருத்தையே அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கடைசிச் சொல் வரைக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

கதவடியில் யாரோ செருமினார்கள். பெரியவர். ராபி வந்துபோன கதை கேட்டு வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்து, மேசையில் கிடந்த படிவத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். படிவத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் கடையின் பெயர் இருந்தது. அது அவருடைய தாயாரின் பெயர் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அதன் கீழே, நீல மையில், அந்தச் சொல்.

"என் அம்மாவின் பெயருக்குக் கீழே," என்றார் மனேச்சரிடம். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மனேச்சருக்கு அதன் முழுக் கருத்து விளங்கியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவன் முகம் போறணை மாதிரிச் சிவந்தது. பெரியவர் தாளை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குப்பைத் தொட்டியில்கூட அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை. மாஸ்டரின் தோளில் ஒரு தடவை தட்டிவிட்டு, "நாளைக்கு நேரத்துக்கு வாருங்கள்," என்றார்.

நான் எழும்பப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்து இருத்தினார்.

"பேனை வெளியாலதானே கிடக்கு," என்றார். "அந்த வேலைக் கடிதத்தையும் இப்பவே எழுதச் சொல்லு."

பெரியவர் என்ன கடிதம் என்று கேட்டார். நான் சொன்னேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று தடவை கேட்டது, அடுத்த கிழமை, எல்லாம் சொன்னேன். பெரியவர் மனேச்சரைப் பார்த்தார். மனேச்சர் தட்டச்சு இயந்திரத்தை இழுத்தான். பத்து நிமிடம் எடுத்தது. தாளை உருவி மாஸ்டரிடம் நீட்டினான்.

"ரீட்," என்றார் அன்ரி.

அவன் எழுந்து நின்று வாசித்தான். இவர் எங்கள் நிரந்தர ஊழியர். நம்பிக்கையானவர். கடையின் வல்யூட் எம்பிளோயி.

"வல்யூட் எண்டால் என்ன கருத்து?"

"மதிப்புள்ளவர். அவர் இல்லாமல் எங்களால் முடியாது என்று அர்த்தம்."

"என்னைப் பாத்து ஏன் சொல்லுறீங்கள்? நானோ மா குழைக்கிறது?"

மனேச்சர் மாஸ்டரின் பக்கம் திரும்பினான். "நீங்கள் இல்லாமல் எங்களால் முடியாது, சேர்," என்றான். அந்த 'சேர்' அவன் வாயில் தானாக வந்தது. அன்ரி அதைக் கேட்டு வாங்கவில்லை.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "நன்றி," என்றார், வகுப்பில் நின்று சொல்வது போலத் தெளிவான ஆங்கிலத்தில். "நாளைய மா பொங்கத் தொடங்கியிருக்கும். நான் போய்ப் பார்க்க வேண்டும்."

விண்ணப்பம் நகர்ந்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. பெரியவர் வழக்கம்போல வந்து பேகலை அமத்திப் பார்த்தார். அவர் தலை மறைந்ததும் அன்ரி மெசினைப் பார்த்துத் தனக்குரியதைச் சொன்னார். மனேச்சர் மாஸ்டரை அதன் பிறகு மாஸ்டர் என்றே கூப்பிட்டான். நானும் ஒன்று பழகினேன்: விரிவுரை மண்டபத்தில் கையை உயர்த்தி, "அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்க. முதல் தடவை கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கேட்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேனையை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம் ஆவணியில் ஒரு ஞாயிறு, பின்பக்கத்தில் வேலை செய்த நாங்கள் ஏழு பேரும் ஒரே நாளுக்கு விடுமுறை கேட்டோம். ஏழு படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "எங்கட ஆக்கள் வருகினம் எண்டு எழுது," என்றார் அன்ரி. மனேச்சர் ஏழையும் வாசித்து, தலையில் கையை வைத்து, அப்படியானால் யார் மா குழைப்பது என்று கேட்டான். "யூ," என்றார் அன்ரி. அவன் ஏழிலும் கையொப்பம் வைத்தான்.

விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் யார் யாரோ வந்தார்கள். மாஸ்டர் நல்ல நீலச் சேட்டுப் போட்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை, கைகளை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பெட்டிகள் வந்தன. பெட்டிகளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மூத்த மகள்தான் முதலில் கண்டாள். "அப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மண்டபம் முழுவதும் திரும்பியது.

மாஸ்டருக்குக் கால் எழவில்லை. அன்ரி அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

"ஓடுங்கோ மாஸ்டர்!"

மாஸ்டர் ஓடினார்.